இயல்பு நிலை திரும்பியது

கொடைக்கானல் ஞாயிற்றுச் சந்தையின் கோடியில் இருக்கிறது ரஹீம் பாயின் மலைப்பூண்டுக் கடை. தராசுக்கு மேலே ஒரு பலகை. பலகையில் ஒரு ரேடியோ. சாரல் படாமல் இருக்க ரேடியோவுக்கு ஒரு பிளாஸ்டிக் பை. அந்தப் பைக்குள்ளிருந்து நான் பேசிக்கொண்டிருந்தேன்.

கடை வாசலில் குடையோடு நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்ததும் நானேதான். சனிக்கிழமை பதிவு செய்வது ஞாயிறு மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு ஒலிபரப்பாகும். சொந்தக் குரலைச் சந்தையில் நின்று கேட்பது பாஸ்போர்ட் படத்தைப் பார்ப்பது போன்றது. நம்முடையதுதான், ஆனால் ஒப்புக்கொள்ள மனம் வராது.

"தலைநகரில் கடைகள் திறக்கப்பட்டன. பள்ளிகள் நாளை முதல் இயங்கும். நாட்டில் இயல்பு நிலை திரும்பியுள்ளதாக அரசு தெரிவித்துள்ளது" என்றேன், பைக்குள்ளிருந்து.

பாய் தராசை நிறுத்திவிட்டு, பூண்டு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியைப் பார்த்தார்.

"கேட்டியா தாயி? எல்லாம் சரியாப் போச்சாம்ல. சும்மா பயந்துக்கிட்டுக் கெடந்தியே! இனி உம்மகக்கிட்ட இருந்து போன் வந்துரும் பாரு."

அந்தப் பெண்மணி இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, எம் புள்ள போச்சே!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடையில் பேரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த சுற்றுலாக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏம்மா, நல்ல சேதி சொல்றாங்க, நீ ஒப்பாரி வைக்கிற?" என்றார் ஒரு சுமைக்காரர். இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவதாகச் சிரித்தவன் நான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

தெரிந்தவர் செய்யட்டும்

கொடைக்கானல் மலை உச்சியில் ஒருவன் ஏன் கரீபியத் தீவுகளின் அரசியலைப் பேசிக்கொண்டிருந்தான் என்று வாசகர் கேட்கலாம். மேலிடத்திலிருந்தும் இரண்டு முறை கேட்டார்கள். எழுத்து மூலம் விளக்கம் கொடுத்தேன்.

நான் பட்டணத்துச் செய்திப் பிரிவில் இளைய உதவி ஆசிரியனாக இருந்த காலம். மேற்கிந்தியத் தீவுகளில் ஏதோ ஓர் ஆட்சி கவிழ்ந்தது. செய்தியை எழுதி மேலதிகாரியிடம் நீட்டினேன். அவர் சிவப்பு மசியால் அதன் தலையில், 'உள்நாட்டுச் செய்தி. மும்பை நிலையத்திடம் உறுதி செய்க' என்று எழுதித் திருப்பினார்.

மேற்கு இந்தியா என்று நினைத்துவிட்டார். கிரிக்கெட் பார்க்காத மனிதர்.

எனக்கு அப்போது வயது குறைவு, படிப்பு அதிகம். உலகப்படத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் விரித்தேன். அவர் நிதானமாகப் பார்த்தார். மறுநாள் சுற்றறிக்கை வந்தது: கரீபிய நாடுகளும் அவற்றின் பிராந்திய விவகாரங்களும் இனி இன்னாரால் கவனிக்கப்படும். கீழே கையால் ஒரு வரி: 'தெரிந்தவர் செய்யட்டும்.'

அன்று பிடித்தது விடவில்லை. வாரம் ஐந்து நிமிடம். நூறு வருடத்துக்கும் முன்னால் கரும்புத் தோட்ட வேலைக்கென்று கப்பலேற்றப்பட்டு அந்தத் தீவுகளுக்குப் போன தமிழர்களின் சந்ததிக்காக ஏற்பட்ட நிகழ்ச்சி அது. அந்தச் சந்ததி தமிழை மறந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டதை நான் குறிப்பெழுதித் தெரிவித்தேன். 'இருப்பினும் தொடரலாம்' என்று பதில் வந்தது.

டிரங்குப் பெட்டியைப் போல அந்த ஐந்து நிமிடமும் நான் மாற்றலான ஊருக்கெல்லாம் கூடவே வந்தது. கடைசியாகக் கொடைக்கானல். இங்கேயே ஓய்வு பெற்றேன். நிகழ்ச்சியை வேறு யாரும் வாங்கிக்கொள்ள மறுத்ததால் என்னையே ஒப்பந்த அடிப்படையில் வைத்துக்கொண்டார்கள்.

இத்தனை வருடத்தில் நேயர் கடிதம் நான்கு வந்தது. மூன்று, கிரிக்கெட் ஸ்கோர் கேட்டு. நான்காவது, நிகழ்ச்சியைக் கொஞ்சம் சுருக்கினால் பாட்டுக் கூடுதலாகப் போடலாமே என்று.

குடை

போன வாரம் இந்தப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் ஒலிப்பதிவு அறைச் சாவிக்கு நடந்த நீண்ட போரைப் பற்றி எழுதியிருந்தேன். அலுவலக விதிகளைக் கேலி செய்வதாகச் சிலர் வருத்தப்பட்டிருக்கிறார்கள். கேலி இல்லை. அந்த விதிகள்தான் எனக்குச் சோறு போட்டன. எல்லாமே மனப்பாடம்.

கலகம் நடக்கும் நாட்டைப் பற்றிச் சொல்லும்போது அரசின் கூற்று முதலில் வர வேண்டும். இரண்டு செய்தி நிறுவனங்கள் உறுதி செய்யாத சாவுக் கணக்கைச் சொல்லக்கூடாது. தனிநபர் பெயர் கூடாது. அண்டைத் தீவுகளின் கூட்டமைப்பு கூடிப் பேசினால், அவர்கள் கலைந்த விதத்தைப் பார்த்து 'கவலை' என்றோ 'ஆழ்ந்த கவலை' என்றோ போட வேண்டும். 'ஆழ்ந்த' போட்டால் ஒன்றும் செய்யப் போவதில்லை என்று பொருள்.

எல்லாவற்றுக்கும் மேலானது 'தெரிவித்துள்ளது' என்ற சொல். அது ஒரு குடை. விரித்துக்கொண்டால் நம்மேல் ஒரு துளி விழாது.

'இயல்பு நிலை திரும்பியுள்ளது' என்ற தொடரை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று தெரியாது. எந்தத் தீவு, எந்தக் கலவரம் என்றெல்லாம் பார்ப்பதில்லை. கடைசிப் பத்தி வந்ததும் கை அதை எழுதிவிடும். மூச்சு விடுவதற்கு யாரும் யோசிப்பதில்லை.

பூண்டு மூட்டைமேல்

அழுத அந்த அம்மாளின் பெயர் பாக்கியம். கிளாவரைப் பக்கம் பூண்டுக் காட்டில் கூலி வேலை. ஞாயிறுதோறும் மூட்டைகளோடு பாய் கடைக்கு வருவார். வருவதற்குப் பூண்டு மட்டும் காரணமில்லை. மேலே அவர் ஊரில் செல்போன் சிக்னல் நிற்காது. மகள் வசந்தி ஞாயிறு மதியம் பாயின் போனுக்குத்தான் கூப்பிடுவாள்.

வசந்தி வட்டக்கானலில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் அறை துப்புரவு வேலைக்குச் சேர்ந்தவள். ஆங்கிலம் பேசக் கற்றுக்கொண்டாள். மதுரையில் ஓர் ஏஜெண்டைப் பிடித்து, நான் வாரம்தோறும் பேசும் தீவுகளில் ஒன்றுக்கு, கடற்கரை ஓட்டல் வேலைக்குப் போனாள். போய் இரண்டு வருடம். தீவின் பெயரை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. உலகப்படத்தில் அது ஒரு மசித்துளி. அங்கே தேர்தல் நடந்தது. தோற்ற பிரதமர் நாற்காலியை விட மறுத்தார். தெருவில் ஆட்கள், அவர்களுக்கு எதிரே ராணுவம். கடற்கரை ஓட்டல்கள் எரிந்தன. போனும் இணையமும் துண்டிக்கப்பட்டன. இரண்டு ஞாயிறுகளாக வசந்தியிடமிருந்து அழைப்பு இல்லை.

என் ஐந்து நிமிடத்துக்கு முதல்முறையாக ஒரு நேயர் கிடைத்திருந்தார்.

அழுகை ஓய்ந்ததும் பாய் என்னைக் காட்டி, "ரேடியோ சார் இவர்தாம்மா. நீயே கேட்டுக்க" என்றார்.

பாக்கியம் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். ரேடியோவையும் ஒரு முறை பார்த்தார்.

"நீங்களா ஐயா அப்படிச் சொன்னது?"

"நான் வாசிச்சேன்மா. சொன்னது அந்த ஊரு அரசாங்கம்."

"அப்ப அங்கனயும் அவனுகதான் சொன்னானுகளா?"

எந்த 'அவனுக' என்று பிறகுதான் சொன்னார். அவர் பிறந்தது இலங்கையில், மாத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில்.

"அங்க தமிழாளுகள அடிச்ச கலவரத்துல நான் சின்னப் புள்ளைங்க. நாங்க குடியிருந்த லயத்து வீடுகளுக்கு நெருப்பு வச்சிட்டானுக. எல்லாரும் தேயிலைக்குள்ள படுத்துக் கெடந்தோம். அண்ணன் ஒரு ரேடியோவ மட்டும் தூக்கிட்டு வந்திருந்துச்சு. மூணாம் நாளு அதுல சொன்னான், இயல்பு நிலை திரும்பியாச்சுன்னு. 'நான் போயி அரிசி எடுத்துட்டு வெரசா வந்துர்றேன்'னு அண்ணன் எறங்கிப் போச்சு."

மூட்டையிலிருந்து உதிர்ந்த பூண்டுத் தோலைக் கையால் கூட்டித் தள்ளினார்.

"ரேடியோக்காரன் பொய் சொன்னான்" என்றார் பாய்.

"பொய் இல்ல பாய். அவனுகளுக்கு இயல்பு நிலைதானே? இயல்பு நிலைன்னா இனிமே யாரையும் யாரும் தேட மாட்டாங்கன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

மொழியியல் படித்தவன் நான். இத்தனை வருடம் அந்தத் தொடரைப் புழங்கியவன். அதற்கு இவ்வளவு சரியான பொருளை எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

நல்ல சேதி

அடுத்த வாரம் தீவில் மறுபடி துப்பாக்கிச் சூடு. ஊரடங்கு. அண்டைத் தீவுகளின் கூட்டமைப்பு பார்வையாளர் குழுவை அனுப்பியது. நான் குடையை விரித்துக்கொண்டு எல்லாவற்றையும் வாசித்தேன்.

ஞாயிறு சந்தைக்குப் போனால் பாக்கியம் சிரித்த முகத்தோடு எழுந்து நின்றார். ஒரு பை நிறைய பட்டாணியும் பீன்ஸும் கையில் திணித்தார்.

"நல்ல சேதி சொன்னீங்க ஐயா. இன்னும் அடங்கலல்ல? ஆளுக போயிருக்காங்கன்னீங்க. தேடுவாங்க."

"ஏ தாயி, ஊரு பத்தி எரியுதுங்கிறாரு, நீ பீன்ஸு குடுக்கிற" என்றார் பாய்.

"எரியட்டும் பாய். எரியிற வரைக்கும் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பாங்கல்ல."

கிளம்பும்போது தனியாக என்னிடம் வந்தார். "ஒண்ணே ஒண்ணு ஐயா. அந்த வார்த்தைய மட்டும் சொல்லிராதீங்க. மத்தபடி என்ன வேணா சொல்லுங்க."

விதிப்படி எந்த நேயரிடமும் உறுதிமொழி கொடுக்கக் கூடாது. கொடுத்தேன்.

பட்டியலில் இல்லாதவர்

மனு எழுதுவதில் எனக்கு நிகர் இந்த மலையில் இல்லை என்பதைத் தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். எந்த மனு யாருக்கு, நகல் யாருக்கு, 'பார்வை' என்ற இடத்தில் எந்தக் கடிதத்தைக் குறிப்பது எல்லாம் அத்துபடி. மாவட்ட ஆட்சியருக்கு எழுதினேன். டெல்லிக்கு எழுதினேன். அந்தத் தீவையும் சேர்த்துக் கவனிக்கும், அதன் பக்கத்து நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுதினேன். பாக்கியம் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார். 'பா'வை மட்டும் பெரிதாக எழுதி, மற்ற எழுத்துகளை அதன் நிழலில் ஒதுக்கிவிடுவார்.

ஒப்புகைகள் வந்தன. 'பரிசீலனையில் உள்ளது' வந்தது. 'உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது' வந்தது. உரிய அலுவலகம் முதல் அலுவலகத்துக்கே திருப்பியிருந்தது.

கடைசியில் ஒரு முழுப்பக்கக் கடிதம். ஏஜெண்ட் வசந்தியைச் சுற்றுலா விசாவில் அனுப்பியிருக்கிறான். ஓட்டலின் ஊழியர் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. ஆகவே காணாமல் போன ஊழியர்களின் பட்டியலில் அவள் இல்லை. இறந்தவர் பட்டியலிலும் இல்லை. சுற்றுலாப் பயணி என்ற முறையில் அவள் காலாவதியான விசாவோடு அந்த நாட்டில் தங்கியிருப்பதாகக் கருதப்படுகிறாள்.

பாக்கியத்திடம் படித்துக் காட்டினேன்.

"தங்கியிருக்கான்னு போட்டிருக்காங்களா?" என்றார்.

"கருதப்படுதுன்னு போட்டிருக்காங்க."

"தங்கியிருக்கான்னுதானே?"

கடிதத்தை வாங்கி நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். மதுரையில் ஏஜெண்ட் இருந்த மாடியில் இப்போது யோகா வகுப்பு நடக்கிறது.

சுற்றி வளைத்தல்

அதற்குப் பிறகு தீவு அடங்கத் தொடங்கியது. பழைய பிரதமரும் புதிய பிரதமரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஓட்டல்களுக்குச் சாயம் பூசப்பட்டது. எரிந்த ஓட்டலில் யார் இருந்தார்கள் என்று கேட்பவர்கள் குறைந்தார்கள். கூட்டமைப்பு ஆழ்ந்த கவலையிலிருந்து கவலைக்கு இறங்கி, பிறகு வர்த்தக மாநாடு நடத்தப் போய்விட்டது.

வாரம்தோறும் என் எழுத்துப்படி நீண்டது. 'கடைகள் திறந்துள்ளன.' 'பேருந்துகள் ஓடுகின்றன.' 'மக்கள் நடமாட்டம் காணப்படுகிறது.' 'பதற்றம் குறைந்து வருவதற்கான அறிகுறிகள் தென்படத் தொடங்கியுள்ளன.' அந்த இரண்டு சொற்களை மட்டும் தொடாமல் அவற்றைச் சுற்றி ஓர் ஊரே கட்டினேன்.

நிலையத்துப் பணி அலுவலர் மீனாட்சி, என் மகள் வயது இருக்கும், கண்ணாடி அறைக்குள்ளிருந்து கேட்பார்: "என்ன சார், இயல்பு நிலைன்னு ஒரே வார்த்தையில முடிக்கிறத பத்து வாக்கியமா இழுக்கிறீங்க?"

"அஞ்சு நிமிஷம் நிறையணும்லம்மா."

"கேக்கிறது யாரு சார், நிறையிறதுக்கு?"

கேட்பது யார் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் பதிவேட்டில் ஏற்றிவிடுவார்.

உண்மைக்காக நான் அதைச் செய்யவில்லை. உண்மை என்னவென்று எனக்குத் தெரியாது. பூண்டு மூட்டைமேல் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

ஏறக்குறைய ஒரு வருடம் இப்படிப் போயிற்று.

கடைசி ஐந்து நிமிடம்

சுற்றறிக்கை வந்தது. நிகழ்ச்சிகள் மறுசீரமைப்பு. என் ஐந்து நிமிடம் அந்த வாரத்தோடு நிறைவு. அந்த நேரத்தில் இனி திரைப்பாடல். அந்த நான்காவது நேயர் உயிரோடு இருந்தால் மகிழ்ந்திருப்பார்.

கடைசி எழுத்துப்படியைச் சனிக்கிழமை காலையில் எழுதினேன். எனக்குக் கண்ணீர் வரவில்லை. சளிதான் வந்தது. இத்தனை வருடக் கரீபிய அரசியலை ஐந்து நிமிடத்தில் சுருக்கி, கவிழ்ந்த ஆட்சிகளையும் கலைந்த மாநாடுகளையும் அடுக்கினேன். எனக்கே பிடித்திருந்தது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து மீனாட்சி கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். சளி நெஞ்சில் இறங்க, மறுநாள் சந்தைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறுதான் போனேன்.

ரேடியோவில் பாட்டு. மூட்டைமேல் ஆள் இல்லை.

"பாக்கியம் எங்க பாய்?"

பாய் தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வரல சார். போன வாரம் உங்க பேச்சக் கேட்டுச்சு. அன்னைக்கு மாதிரி அழுவுமோன்னு பயந்துட்டேன். அழுவவே இல்ல. துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, 'சரி பாய், வாரேன்'னுச்சு. பஸ்ஸுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்துச்சு சார். அது பாட்டுக்குப் போயிருச்சு."

"நான் என்ன சொன்னேன்?"

"என்ன சார், உங்க பேச்ச எங்கிட்டக் கேக்குறீங்க?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "கடைசியில சொன்னீங்களே சார். எல்லாத் தீவுலயும் இயல்பு நிலை திரும்பியிருச்சு, இத்தோட விடை பெறுறோம்னு."

வீட்டுக்கு வந்து எழுத்துப்படியின் நகலை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து. கடைசிப் பத்தி. 'தீவு நாடுகள் அனைத்திலும் இயல்பு நிலை திரும்பியுள்ள இவ்வேளையில்.' மேலே 'தெரிவித்துள்ளது' கூட இல்லை. குடையை மறந்துவிட்டுக் கிளம்பியிருக்கிறேன்.

மறுநாள் வெள்ளனே கிளாவரைக்கு பஸ் பிடித்துப் போனேன். இறங்கிக் கேட்டதும் வழி காட்டினார்கள். தகரக் கூரை வீடு. உள்ளே சுவரில் வசந்தியின் படம், வட்டக்கானல் விடுதி வாசலில் சீருடையோடு எடுத்தது. சாமந்தி மாலை போட்டு, கீழே விளக்கு ஏற்றியிருந்தது. பக்கத்தில் நான்காக மடித்த அந்தக் கடிதம்.

பாக்கியம் உட்காரச் சொன்னார். பால் கலக்காத பிளேன்டீயும், கடித்துக்கொள்ள ஒரு துண்டு வெல்லமும் கொடுத்தார்.

"பாக்கியம், நான் அத நெனச்சு எழுதலம்மா. பழக்க தோசம். கை தன்னால எழுதிருச்சு."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தேற்ற வந்தவனை அவர் தேற்ற வேண்டியிருந்தது.

"இருக்கட்டும் ஐயா. ஒரு வருசமா எனக்காகச் சுத்தி வளைச்சுச் சுத்தி வளைச்சுப் பேசுனீங்க. எனக்கு வெளங்காமலா? உங்களுக்கும் எத்தன நாளைக்குத்தான் ஏலும்? தெரிஞ்சுக்கிட்டுத்தான் சொல்லியிருப்பீங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நெசமாவே தப்பு அது."

"ரேடியோவில போயி தப்பாச் சொல்லுவாங்களா?" என்றார். முதல்முறையாக அவர் குரலில் பிடிவாதம் இல்லை. "டீ ஆறுது, குடிங்க."

தவறான செய்தி ஒலிபரப்பானால் செய்ய வேண்டியது என்ன என்பதற்கும் விதி உண்டு. திருத்தத்தை அதே நிகழ்ச்சியில், அதே நேரத்தில், அடுத்த ஒலிபரப்பிலேயே வாசிக்க வேண்டும். வேறு எங்கே வாசித்தாலும் செல்லாது.

அடுத்த ஒலிபரப்பு கிடையாது. ஆகவே திருத்தத்தை இங்கே எழுதுகிறேன்: அந்தத் தீவில் இயல்பு நிலை திரும்பவில்லை. இந்த வார இதழ் கிளாவரைக்குப் போவதில்லை.